நான்காம் எண் யானை உணவருந்துகிறது

நசிலேலேயின் மக்காச்சோளத்தைத் தின்ற யானையை யாரும் விரட்டக் கூடாது. அதை ஆஸ்திரியாவில் ஒருவர் முன்பதிவு செய்திருந்தார்.

இது அவளுக்கு முதலில் தெரியாது. போட்ஸ்வானா எல்லையில் ஓடும் குவாண்டோ ஆற்றங்கரையில் இருந்த தன் வயலில் கிழக்கு ஓரத்து எட்டு வரிசை ஒரே காலையில் மொட்டையாகிவிட்டது என்பதும், அறுவடைக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது என்பதும் மட்டும்தான் தெரியும். மொத்தம் அறுபது வரிசை. அவளும் மூன்று பிள்ளைகளும் அடுத்த மழை வரைக்கும் தின்ன வேண்டிய களி அந்த அறுபது வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தது. புருஷன் சுரங்க வேலைக்கென்று போனவன், போனவன்தான்.

யானை வந்தால் என்ன செய்வது என்று அந்த ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. யானை போட்ட லத்தியிலேயே மிளகாய்த்தூளைக் கொட்டிப் பிசைந்து, வறட்டி தட்டிக் காயவைத்து, காற்று வருகிற பக்கத்து வரப்பில் புகையவிட வேண்டும். யானைக்குப் பெருமையும் தும்பிக்கைதான், பலவீனமும் தும்பிக்கைதான். ஒரு மூச்சு உள்ளே போனால் ஆற்றைத் தாண்டி, போட்ஸ்வானாவுக்குப் போய்த்தான் திரும்பிப் பார்க்கும்.

நசிலேலே நாற்பது வறட்டி தட்டியிருந்தாள். முதல் வறட்டிக்குத் தீ வைக்கக் குனிந்தபோது லிக்காண்டோ ஓடிவந்தான். அவன் காட்டுயிர்ப் பேணல் சங்கத்தின் காவலன். பச்சைச் சட்டை, இடுப்பில் ஒரு மஞ்சள் நிறப் புத்தகம். காட்டில் எது நடந்தாலும் அந்தப் புத்தகத்தில் எழுதுவது அவன் வேலை. அதில் எழுதாதது நடக்கவில்லை என்று பொருள்.

"அக்கா, அணைச்சிருங்க. இது நாலாம் நம்பர்" என்றான்.

"எது?"

"அந்தா, உங்க சோளத்த மென்னுக்கிட்டு உங்களையே பாக்குதே, அது."

அவன் விளக்கினான். இந்த வருஷம் சங்கத்துக்குச் சுட அனுமதி கிடைத்தது நான்கு யானை. முதல் மூன்றும் சுமார் ரகம். நான்காவதுக்குத் தந்தம் தரையைத் தொடும். அதைச் சுடப்போகிறவர் லைட்னர் என்று ஒருவர், ஆஸ்திரியாவில் குளியலறை ஓடு செய்யும் ஆலை வைத்திருக்கிறார். நாலு வாரம் கழித்து வருகிறார். அதுவரை யானை இந்தப் பக்கமே இருக்க வேண்டும்.

"இன்னிக்கே வந்து சுடச் சொல்லேன்" என்றாள் நசிலேலே.

"முழங்கால்ல ஆபரேஷனாம் அக்கா. நடக்க ஆரம்பிச்சதும் வருவார்."

நசிலேலே சங்கத்துக்குப் போனாள்.

சங்கத்தைப் பற்றி அவளுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவள் சிறுபெண்ணாக இருந்தபோது அந்தக் காட்டில் யானையும் இல்லை, எருமையும் இல்லை. துப்பாக்கி வைத்திருந்தவன் எல்லாம் சுட்டுத் தின்றுவிட்டான். பிறகு சங்கம் வந்தது. சங்கத்தைத் தேடி வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் கொடுத்ததில் காவலர்களுக்குச் சம்பளம் வந்தது, ஊருக்கு ஒரு ஆழ்துளைக் கிணறு வந்தது, சுட்ட யானையின் கறி வீட்டுக்கு ஒரு பேசின் வந்தது. கடைசியில் விலங்குகளும் திரும்பி வந்தன. வந்துகொண்டே இருந்தன. காடு நிரம்பி, அவள் வயல் வரைக்கும் வந்தன. இதை மாபெரும் வெற்றி என்று சங்கத்தின் ஆண்டறிக்கையில் அச்சடித்திருந்தார்கள். வெற்றி அவள் வரப்பைத் தாண்டி எட்டு வரிசை உள்ளே வந்துவிட்டது என்பது அதில் இல்லை.

அன்று செயற்குழு கூடியிருந்தது. தலைவர் சித்வாலா சுழல் நாற்காலியில் இருந்தார். செயலாளர் மதெங்கு மேசையில் தலையைக் கவிழ்த்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார். மதெங்கு பதினான்கு வருஷமாகச் செயலாளர். எழுதும்போது தலை நிமிர்ந்தால் எழுத்துப் பிழை வரும் என்பது அவர் கொள்கை. ஆகவே கூட்டத்தில் நடப்பதை எல்லாம் காதால்தான் பார்ப்பார்.

நசிலேலே வாசலில் குந்தி உட்கார்ந்தாள். பெரியவர்கள் முன்னால் பெண்கள் எப்படி வணக்கம் சொல்வார்களோ அப்படி, இரண்டு உள்ளங்கையையும் குழித்து மெதுவாகக் கைதட்டினாள். தட்டிவிட்டுத் தன் குறையைச் சொன்னாள்.

தலைவர் பொறுமையாகக் கேட்டார். பொறுமையாகப் பதில் சொன்னார்.

"பாரும்மா, யானைய எதுக்குக் காப்பாத்தறோம்? சுடறதுக்கு. எதுக்குச் சுடறோம்? காப்பாத்தறதுக்கு. இதுல உனக்கு எந்த எடத்துல கொழப்பம்?"

"என் சோளம் எந்த எடத்துல வருதுங்கய்யா?"

"அது நடுவுல வருது" என்றார் தலைவர்.

பிறகு மதெங்கு தலை நிமிராமல் அன்றைய தீர்மானத்தை வாசித்தார். நான்காம் எண் யானையின் முன்பதிவுக்காரர் வரும்வரை கிழக்கு வயலில் மிளகாய்ப் புகை தடை செய்யப்படுகிறது. வயலின் உரிமையாளர் கௌரவக் காவலாளியாக நியமிக்கப்படுகிறார். உரிமையாளர் நேரில் வந்து கைதட்டி வரவேற்றதால் தீர்மானம் நிறைவேறியது.

"அய்யா, நான் வணக்கம்தான சொன்னேன்?"

"கைதட்டு பதிவாயிருச்சும்மா. வணக்கத்துக்குன்னு தனிச் சத்தம் கெடையாது" என்றார் மதெங்கு. அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

சான்றிதழ் ஒன்றும், யானைப் படம் போட்ட தொப்பி ஒன்றும் கொடுத்து அனுப்பினார்கள். சான்றிதழின் அடியில், கௌரவக் காவலாளிக்குச் சங்கக் கூட்டங்களில் பேசும் உரிமை உண்டு என்று பொடி எழுத்தில் இருந்தது. யாரும் அந்த அளவுக்குப் படிக்கமாட்டார்கள் என்று நினைத்து அச்சடித்தது. அவளும் படிக்கவில்லை. ஆறாம் வகுப்புப் படிக்கும் மூத்த மகள் படித்துச் சொன்னாள்.

மறுநாளிலிருந்து லிக்காண்டோவுக்கு அவள் வயலிலேயே பணி. யானையிடமிருந்து சோளத்தைக் காக்க அல்ல. சோளத்துக்காரியிடமிருந்து யானையைக் காக்க. மர நிழலில் உட்கார்ந்து எழுதுவான். காலை ஏழு மணி: நான்காம் எண் இரண்டு வரிசை உட்கொண்டது. பசி நன்று. பிற்பகல் மூன்று மணி: மேலும் ஒரு வரிசை. லத்தி திருப்தி.

"சேதம்னு ஒரு வரி எழுதேன்டா" என்று நசிலேலே கேட்டாள்.

எழுத முடியாது என்றான். சேதம் என்ற கட்டத்தில் 'தொல்லை விலங்கு' செய்ததை மட்டும்தான் எழுத வேண்டும். நாலாம் நம்பர் 'பரிசு விலங்கு'. ஒரே யானை இரண்டு கட்டத்தில் நிற்கக் கூடாது. அவனுக்கும் மனசு கேட்கவில்லை. ரொம்ப நேரம் யோசித்து, பதினான்கு வரிசை சோளத்தைக் 'காற்றினால் சேதம்' என்று எழுதினான். அந்த மாதம் காற்றே அடிக்கவில்லை.

அவள் தகரத்தைத் தட்டிப் பார்த்தாள். சத்தத்தில் யானைக்கு மன உளைச்சல் வந்தால் உடம்பு இளைக்கும் என்று சங்கத்திலிருந்து ஆள் வந்து தகரத்தை வாங்கிப் போனார்கள். யானை வயல் வாசலில் இருந்த மரத்தூணில் தந்தத்தைத் தேய்த்தது. தந்தத்தில் கீறல் விழுந்தால் அளவு குறையும் என்று தலைவரே நேரில் வந்து, தூணைப் பிடுங்கிப் போடச் சொன்னார். தூண் போனதும் வேலியும் சாய்ந்தது. நான்காம் எண் அதற்குப் பிறகு வாசல் வழியாகத்தான் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல் எல்லாப் பக்கமும் வந்தது. கோயில் காளைக்குக்கூட இத்தனை சலுகை இருக்காது.

யானைக்கும் விஷயம் புரிந்துவிட்டது. அந்த வட்டாரத்திலேயே புகை இல்லாத, தகரம் இல்லாத, தூண் இல்லாத, காவல் போட்ட ஒரே இடம் நசிலேலேயின் வயல்தான். அது காட்டுக்குத் திரும்பிப் போவதையே நிறுத்திவிட்டது.

இரண்டாவது வாரம் லண்டனிலிருந்து கிளெமென்சி என்றொரு அம்மாள் வந்தாள். வேட்டையை எதிர்க்கும் இயக்கத்தைச் சேர்ந்தவள். யானையைப் படம் பிடித்தாள், வரப்பில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். யானைக்குப் பெர்சிவல் என்று பெயர் வைத்திருப்பதாகவும், தன் ஊரில் நாலாயிரம் பேர் பெர்சிவலைத் தத்தெடுத்திருப்பதாகவும் லிக்காண்டோ மூலமாகச் சொன்னாள்.

நசிலேலேக்கு முதல்முறையாக ஒரு நம்பிக்கை வந்தது. "பெத்தவங்க நாலாயிரம் பேர் இருக்காங்கல்ல? ஆளுக்கு ஒரு நாள் கூட்டிட்டுப் போய்ச் சோறு போடச் சொல்லு" என்றாள்.

லிக்காண்டோ மொழிபெயர்த்தான். கிளெமென்சி அம்மாள் நெகிழ்ந்துபோய் நசிலேலேயின் கையைப் பிடித்துக்கொண்டாள். யானையும் அவளும் ஒரே தட்டில் உண்பதைப் பார்க்கத் தனக்குக் கொடுத்துவைத்திருக்கிறது என்றாள். தட்டு யாருடையது என்ற பேச்சு வரவில்லை. போகும்போது இயக்கத்தின் செலவில் வரப்பில் ஒரு பலகை நட்டுவிட்டுப் போனாள். 'அமைதி. யானை உணவருந்துகிறது.' சங்கத்துக்கும் இயக்கத்துக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் அந்தப் பலகையைச் சங்கம் பிடுங்கவில்லை. அதில் மாற்றுக் கருத்து இல்லை என்றார் தலைவர்.

நாலாவது வாரம் லைட்னர் வந்தார். எழுபத்து நாலு வயது, இரண்டு முழங்காலிலும் பட்டி, கண்ணில் தண்ணீர். நல்ல மனிதர். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். வயலோரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, நசிலேலேயிடம் மனம்விட்டுப் பேசினார். லிக்காண்டோ சொல்லச் சொல்ல அவள் கேட்டுக்கொண்டாள்.

"யானைன்னா இவருக்கு உயிராம் அக்கா. இதுவரைக்கும் பதினோரு யானையக் காப்பாத்தியிருக்காராம்."

"எங்க இருக்குதாம்?"

"வீட்டுக் கூடத்துல, செவுத்துல."

இனிமேல் எல்லாம் சட்டென்று முடிந்துவிடும், யானை போகும், இருக்கிற வரிசையாவது மிஞ்சும், கறியும் வரும் என்று நசிலேலே பேசினைத் துலக்கி வெயிலில் கவிழ்த்தாள். யானைக் கறி அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். அதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் லைட்னர் சுடவில்லை. அவர் ஊரில் வேட்டைக்காரர்களின் சாதனைப் பதிவேடு ஒன்று இருக்கிறது. அதில் இடம்பிடிக்க, விலங்கை அதன் இயற்கையான வாழிடத்தில் தேடிப் பின்தொடர்ந்து சுட்டிருக்க வேண்டும். போட்டோவில் பின்னணியில் பயிர்பச்சை தெரியக் கூடாது. ஆகவே அவர் காட்டுக்குள் நாற்காலியைப் போட்டு மூன்று நாள் யானைக்காகக் காத்திருந்தார். யானை மூன்று நாளும் வயலில் நின்று சோளம் தின்றது. முப்பது கஜ தூரத்தில், எந்த வயதுக்காரரும் சுடக்கூடிய விதத்தில், பக்கவாட்டில் நின்று தின்றது.

யானையைக் காட்டுக்குள் தள்ளிவிடலாமே என்று லிக்காண்டோ கேட்டான். எப்படித் தள்ளுவது? மிளகாய்ப் புகைக்குத் தடை. தடையை நீக்க இன்னொரு தீர்மானம் வேண்டும். அப்படியே நீக்கினாலும் யானை காட்டுப் பக்கம் ஓடாது, ஆற்றுப் பக்கம்தான் ஓடும். லைட்னரின் விமானம் சனிக்கிழமை. தலைவர் ஒரு இரவு முழுக்க யோசித்து வழி கண்டுபிடித்தார். யானை காட்டுக்குப் போகவில்லை என்றால், யானை நிற்கிற இடத்தைக் காடு என்று அறிவித்துவிட வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை காலை பெரிய கூட்டம் என்று சொல்லி அனுப்பினார்கள். நிகழ்ச்சி நிரலில் ஒரே பொருள்: கிழக்கு வயலை இயற்கை வாழிடமாக அறிவித்தல், பின்னணியைக் கெடுக்கும் சோளத்தட்டைகளை அன்றே வெட்டி அகற்றுதல்.

மிச்சம் இருந்தது இருபத்தாறு வரிசை. கதிரில் பட்டுநூல் காய்ந்து, மணி பால் கட்டியிருந்தது. இன்னும் இரண்டு வாரம் போதும். நசிலேலே வரிசைக்குள் நடந்து ஒரு கதிரை நகத்தால் கீறிப் பார்த்தாள். பால் வந்தது. அந்தப் பக்கம் யானையும் ஒரு கதிரை ஒடித்து மென்றது. இருவரும் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்கு நாளை என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

கூட்டத்துக்கு ஊரே வந்தது. பெண்கள் எல்லாரும் கறிக்குப் பேசினோடு வந்தார்கள். முன்வரிசையில் லைட்னர் ஒரு ஓரம், சேதி கேட்டுத் திரும்பி வந்திருந்த கிளெமென்சி அம்மாள் மறு ஓரம். இரண்டு பேரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவில்லை. மதெங்கு தலையைக் கவிழ்த்துப் பேனாவைத் திறந்தார்.

தலைவர் எழுந்து வணக்கம் சொல்ல வாயைத் திறக்கும் நேரத்தில் நசிலேலே முந்திக்கொண்டு எழுந்தாள். தலைவர் வணக்கம் சொன்னால் ஊரே கைதட்டும். கைதட்டினால் மதெங்கு எழுதிவிடுவார். அதற்கு முன் பேச வேண்டும்.

"நான் கௌரவக் காவலாளி. எனக்குப் பேச உரிமை இருக்கு" என்றாள். தலையில் தொப்பி போட்டிருந்தாள்.

தலைவர் சான்றிதழை வாங்கிப் பார்த்தார். பொடி எழுத்தில் தன் கையெழுத்துக்கு மேலேயே இருந்தது.

அவள் அதிகம் பேசவில்லை. கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள். தரையைப் பார்த்தபடி சொன்னாள். "என் வயல் வயலாத்தான் இருக்கணும். ஒரு தட்டையக்கூட யாரும் வெட்டக் கூடாது. நாப்பது வறட்டி வச்சிருக்கேன், இன்னிக்கே கொளுத்தணும். இதத் தீர்மானமா எழுதிக்கங்க." சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

முன்வரிசை விருந்தாளிகள் இரண்டு பேரும் லிக்காண்டோவைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் என்ன சொன்னாள்?

உள்ளதைச் சொன்னால் வேட்டைக்காரர் கோபித்துக்கொள்வார். வேட்டைக்காரரின் கோபம் அவன் சம்பளத்தில் வந்து முடியும். சொல்லாமல் விட்டால் நசிலேலே அக்கா முகத்தில் எப்படி விழிப்பது? அவன் பொய் சொல்லவில்லை. சுருக்கிச் சொன்னான். "மனுஷனும் வெலங்கும் சேந்து வாழறதப் பத்திச் சொல்றாங்க."

லைட்னர் உருகிப்போனார். வலிக்கிற முழங்காலை ஊன்றி எழுந்து நின்று கைதட்டினார். ஊர்ப் பெண் ஒருத்தி கூட்டத்தில் பேசினால் கைதட்ட வேண்டும் என்பது அவர்கள் நாட்டு மரியாதை. எதிராளி எழுந்து தட்டும்போது தான் உட்கார்ந்திருப்பதா என்று கிளெமென்சி அம்மாளும் எழுந்து, அவரைவிட உரக்கத் தட்டினாள். அவர் நிறுத்தவில்லை, அவளும் நிறுத்தவில்லை. அந்த இரண்டு பேரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். விருந்தாளிகள் தட்டும்போது தலைவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது அழகா? அவரும் தட்டினார். தலைவர் தட்டினால் ஊர் சும்மா இருக்குமா?

மதெங்கு எழுதினார்: ஏகமனதாக நிறைவேறியது.

அதை வாசிக்கக் கேட்டதும் தலைவரின் முகம் மாறியது. இது வெறும் மரியாதைக்கான கைதட்டு என்றார்.

"வணக்கத்துக்குன்னு தனிச் சத்தம் கெடையாதுங்களேய்யா" என்றாள் நசிலேலே, இன்னும் தரையைப் பார்த்தபடி.

மதெங்கு முதல்முறையாகத் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பதினான்கு வருஷத்தில் தன்னை மேற்கோள் காட்டிய முதல் ஆள் அவள். அவரால் புத்தகத்தில் அடிக்க முடியவில்லை.

மதியம் நாற்பது வறட்டியும் புகைந்தது. நான்காம் எண் முதல் மூச்சில் நின்றது. இரண்டாவது மூச்சில் தும்மியது. கிளெமென்சி அம்மாளின் பலகையை மிதித்துக்கொண்டு ஆற்றில் இறங்கி, அக்கரை ஏறி, நாணலுக்குள் போய்விட்டது. அக்கரையில் அதற்கு ஏழாம் எண் என்று பின்னால் கேள்விப்பட்டார்கள்.

காலி பேசினோடு திரும்பிய பெண்கள் நசிலேலேயைச் சும்மா விடவில்லை. பக்கத்து வயல்காரி முலேலே வழிமறித்து நின்றாள்.

"உன் சோளம் பொழைச்சுது. என் பேசின் காஞ்சுது."

"என் பேசினும்தான்டி காஞ்சுது" என்றாள் நசிலேலே. அது உண்மை. அன்றிரவு அவள் வீட்டிலும் எல்லார் வீட்டையும்போல வெறும் களிதான். ஆனால் பதினைந்தாம் நாள் இருபத்தாறு வரிசையும் வீட்டுக்கு வந்தது.

ஆண்டு முடிவில் மூன்று அறிக்கைகள் வெளிவந்தன. சங்கத்தின் அறிக்கை, முறைப்படுத்தப்பட்ட வேட்டையால் ஒரு பெரிய யானை உயிரோடு காப்பாற்றப்பட்டது என்றது. இயக்கத்தின் அறிக்கை, நாலாயிரம் பெற்றோரின் அன்பால் பெர்சிவல் தப்பினான் என்றது. லைட்னர் தன் ஊர்ப் பத்திரிகையில், தான் மனமிரங்கிச் சுடாமல் விட்ட யானையைப் பற்றி நான்கு பத்தி எழுதி, காப்பாற்றிய எண்ணிக்கையைப் பன்னிரண்டு ஆக்கிக்கொண்டார். மூன்றிலும் யானையின் படம் இருந்தது. மூன்றிலும் பின்னணியில் சோளம் இருந்தது.

அடுத்த மழைக்கு விதைத்து, தட்டை இடுப்பளவு வந்தபோது சங்கத்திலிருந்து ஊர்ப் பெண்களுக்கெல்லாம் கூட்ட அழைப்பு வந்தது. மகள் வாசித்தாள். மிளகாய்ப் புகையின் ஆற்றல் சென்ற ஆண்டு நிரூபணமாகிவிட்டதால், இனி அது சங்கத்தின் வளம். வயலுக்கு ஆண்டுக்கு நான்கு வறட்டி ஒதுக்கீடு. முன்பதிவு செய்த யானைகளுக்கு விலக்கு. உரிமையாளர்கள் நேரில் வந்து தீர்மானத்தைச் சிறப்பிக்க வேண்டும்.

நசிலேலே கூடை நிறையப் போன வருஷத்துச் சோளக்கதிரை அடுக்கி, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள். வழியில் முலேலேயின் வீட்டு வாசலில் நின்று இரண்டு வார்த்தை சொன்னாள். முலேலே உள்ளே போய் ஒரு கோழியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் அடுத்த வீட்டில் சொன்னாள்.

சங்கத்தின் வாசலில் முப்பது பெண்கள் குந்தியிருந்தார்கள். ஒருத்தி கையில் குழந்தை, ஒருத்தி கையில் தண்ணீர்ப் பானை, ஒருத்தி கையில் பூசணிக்காய். தலைவர் சித்வாலா எழுந்து, வழக்கம்போல உரக்க வணக்கம் சொன்னார். மதெங்கு தலையைக் கவிழ்த்து, பேனாவைத் தாளில் வைத்து, காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

ஒரு சத்தமும் இல்லை. கோழி மட்டும் ஒருமுறை கொக்கரித்தது. அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று மதெங்குக்குத் தெரியவில்லை.

"எல்லாத்தையும் கீழ எறக்கி வைங்கம்மா" என்றார் தலைவர்.

"பரவாயில்லீங்கய்யா, கனமே இல்ல" என்றாள் நசிலேலே.